எச்எக்ஸ்40 டர்போ: எண்ணைப் பார்த்து அல்ல, அளந்து பார்த்து வாங்க வேண்டிய பொருள்

கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு டீசல் என்ஜின் கொண்ட பிக்கப் டிரக்குகளில் ஆலையிலிருந்து வந்த டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஹோல்செட் எச்எக்ஸ்40 டர்போவைத்தான். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே தயாரிப்பாளரின் எச்எக்ஸ்35 அசல் டர்போவாக வந்தது என்பதால், அதற்கு அடுத்த எண்ணை வாங்கினால் அடுத்த படிக்கு ஏறிவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. அப்படி ஒரு வண்டியில் இந்த டர்போவைப் பொருத்திச் சுமையோடும் சுமையின்றியும் ஓட்டிப் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்எக்ஸ்40 நல்ல பொருள். ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே பொருளாக இருப்பதில்லை, மேலும் டீசல் அளவை உயர்த்தாத வண்டிக்கு அது தேவையும் இல்லை.

ஹோல்செட் 1952இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தொடங்கப்பட்ட நிறுவனம். 1973இல் கம்மின்ஸ் அதை வாங்கியது. 1989ஆம் ஆண்டு மாடலாக டாட்ஜ் ராம் பிக்கப்பில் இந்த என்ஜின் முதன்முதலில் வந்தபோது அதில் எச்1சி என்ற பழைய வகை இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயு மிகும்போது அதைத் திசைதிருப்பும் கதவு) கொண்ட எச்எக்ஸ்35டபிள்யூ அதன் இடத்துக்கு வந்தது. பெயரின் இறுதியில் வரும் டபிள்யூ என்ற எழுத்து வேஸ்ட்கேட் உண்டு என்பதற்கான குறி. எச்எக்ஸ் வரிசையில் வந்த கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கம்ப்ரசரின் (டர்போவில் காற்றை அமுக்கும் பக்கம்) வாய்க்குள் சுற்றிலும் வெட்டப்பட்டுள்ள வளைய இடைவெளி. குறைந்த காற்றோட்டத்தில் கம்ப்ரசர் திணறாமலும், அதிகக் காற்றோட்டத்தில் அடைத்துக்கொள்ளாமலும் இருக்க அது உதவுகிறது. இந்த டர்போக்களுக்கே உரிய விசில் ஒலியில் அந்த இடைவெளிக்கும் பங்கு உண்டு. ஒலிக்காகவே டர்போ மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் இந்த மதிப்பீடு அவர்களுக்கானது அன்று.

அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல் பெயரிலிருந்தே தொடங்குகிறது. காரெட் நிறுவனத்தின் ஜிடி3582 என்ற பெயரில் கடைசி இரண்டு இலக்கங்கள் கம்ப்ரசர் சக்கரத்தின் பெரிய விட்டத்தை, அதாவது காற்று வெளியேறும் பக்கத்து எக்ஸ்டியூசர் விட்டத்தை, மில்லிமீட்டரில் சொல்கின்றன. போர்க்வார்னரின் எஸ்300 வரிசையில் எஸ்366 என்று சந்தையில் வழங்கும் பெயரில் உள்ள 66, காற்று நுழையும் பக்கத்து இன்டியூசர் விட்டம். ஆகவே 82 என்பது 66ஐ விட மிகப் பெரியது என்று நினைத்து இரண்டையும் ஒப்பிடுபவர், சக்கரத்தின் இரு வேறு முனைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஹோல்செட்டின் 35, 40, 50, 55 ஆகிய எண்களோ எந்த விட்டத்தையும் குறிப்பவை அல்ல. அவை உடற்கூட்டின் வகுப்பைச் சொல்பவை. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பல அளவுச் சக்கரங்களும் பல டர்பைன் ஹவுசிங்குகளும் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் சக்கரத்தைச் சுற்றிய கூடு) உண்டு.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், எச்எக்ஸ்35இன் இன்டியூசர் பெரும்பாலும் 54 முதல் 56 மி.மீ. வரை இருக்கிறது, எச்எக்ஸ்40இன் இன்டியூசர் பெரும்பாலும் 58 முதல் 60 மி.மீ. வரை இருக்கிறது. ஒன்றின் மேல் எல்லைக்கும் மற்றதன் கீழ் எல்லைக்கும் இடையே 2 மி.மீ. மட்டுமே வேறுபாடு. டர்பைன் பக்கத்தில் எச்எக்ஸ்35இன் சிறிய விட்டம் 60 மி.மீ., எச்எக்ஸ்40இன் சிறிய விட்டம் 64 மி.மீ. என்பது வழக்கமான அளவு. இவற்றோடு மூன்றாவதாக ஒரு வகையும் சந்தையில் உலவுகிறது: எச்எக்ஸ்35இன் டர்பைன் பக்கத்தை வைத்துக்கொண்டு எச்எக்ஸ்40இன் கம்ப்ரசர் சக்கரத்தைப் பொருத்திய கலப்பு டர்போ. கலப்பு டர்போவைக் குறை சொல்ல மாட்டேன். சுமை இழுக்கும் வண்டிக்கு அது முழு எச்எக்ஸ்40ஐ விடப் பொருத்தமாக அமையக்கூடும். அதை முழு எச்எக்ஸ்40 என்று சொல்லி விற்பதுதான் தவறு, அது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்தப் பொருளை வாங்கப் போகக் கூடாது. அளப்பதிலும் இரண்டு இடங்களில் கை தவறும். முதலாவது, மேலே சொன்ன வளைய இடைவெளி. வாயை நேராகப் பார்க்கும்போது வெளிப்புறத்தில் ஒரு பெரிய வட்டமும், அதற்குள் இடைவெளியைத் தாண்டி ஒரு சிறிய வட்டமும் தெரியும். பெரிய வட்டத்தை அளப்பவருக்குச் சக்கரம் இருப்பதை விட மிகப் பெரிதாகத் தோன்றும். அளக்க வேண்டியது உள்வட்டத்துக்குள் சுழலும் இறகுகளின் நுனியைத்தான். இரண்டாவது, இறகுகளின் எண்ணிக்கை. வாய்ப்பக்கத்தில் ஏழு முழு இறகுகள் கொண்ட சக்கரத்தில் ஓர் இறகுக்கு நேர் எதிரே இன்னோர் இறகு இருக்காது. நுனியிலிருந்து நுனிக்குக் காலிப்பரை வைத்தால் உண்மையான விட்டத்தை விடக் குறைவாகவே காட்டும். அங்கே தண்டின் மையத்திலிருந்து ஒரு நுனி வரை அளந்து இரட்டிப்பதே சரி. டர்பைன் பக்கத்தில் பன்னிரண்டு இறகுகள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எதிரெதிர் நுனிகளை நேராக அளந்துவிடலாம்.

கம்ப்ரசரின் இரு விட்டங்களும் கையில் இருந்தால் டிரிம் என்ற எண்ணையும் கணக்கிடலாம். சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தி, நூறால் பெருக்க வேண்டும், 60 மி.மீ., 83 மி.மீ. என்றால் டிரிம் 52. ஒரே பெரிய விட்டம் கொண்ட இரு சக்கரங்களில் எது அதிகக் காற்றை விழுங்கும் என்று ஒப்பிட அது பயன்படும். வேறு வேறு வகுப்புச் சக்கரங்களை டிரிம்மை மட்டும் வைத்து ஒப்பிடுவது பயனற்றது.

கம்ப்ரசர் மூடியின் மீதுள்ள பெயர்த்தகடு அடுத்த சான்று. அதில் டர்போவின் வகை, தொகுப்பு எண், வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் தொகுப்பு எண்ணே முக்கியமானது, ஏனெனில் உள்ளே எந்தச் சக்கரம், எந்த ஹவுசிங் என்பதையெல்லாம் சேர்த்துக் குறிப்பது அதுதான். ஹவுசிங்கின் உலோகத்திலேயே புடைத்து நிற்கும் வார்ப்பு எண்ணைப் பலர் பாக எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே வார்ப்பை வெவ்வேறு அளவுச் சக்கரங்களுக்குக் கடைந்து பயன்படுத்த முடியும் என்பதால், வார்ப்பு எண் எந்த அச்சிலிருந்து அது வந்தது என்பதைத்தான் சொல்லும், கடைந்த பிறகு அது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாது. பெயர்த்தகடும் மூடியோடு ஒட்டியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழுது பார்த்தவர் மூடியை மாற்றியிருந்தால் தகடு ஒன்றையும் உள்ளிருப்பது வேறொன்றையும் சொல்லும். தகடும் காலிப்பரும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் காலிப்பர் சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டர்பைன் ஹவுசிங்கின் அளவை ஹோல்செட் சதுர சென்டிமீட்டரில் தருகிறது. எக்ஸாஸ்ட் நுழையும் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முகப்பு) அருகே 12, 16, 18 என்பன போன்ற எண்களைக் காணலாம். மற்ற நிறுவனங்கள் ஏ/ஆர் என்று குறிப்பிடுவது அந்தப் பரப்பளவை மையத்திலிருந்து உள்ள ஆரத்தால் வகுத்த விகிதம். பரப்பளவு வேறு, பரப்பளவையும் ஆரத்தையும் சேர்த்த விகிதம் வேறு. ஆகவே "இத்தனை சதுர சென்டிமீட்டர் என்றால் இத்தனை ஏ/ஆர்" என்று சொல்லும் அட்டவணைகளைத் தோராயமாக மட்டுமே கொள்ளலாம்.

இனி, பெரிய டர்போ உண்மையில் என்ன தருகிறது என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் அதிகமான தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒரே பூஸ்டில், அதாவது டர்போ தரும் ஒரே காற்றழுத்தத்தில், பெரிய டர்போ அதிகக் காற்றைத் தள்ளும் என்பது அவற்றுள் முதன்மையானது. எவ்வளவு காற்றை விழுங்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது என்ஜின்தான். 5.9 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுகளில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. நிரம்பும் திறனை 90 சதவீதம் என்று கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 7.2 கன மீட்டர். அந்தக் காற்று வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்திலும் இன்டர்கூலரை (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) தாண்டி 60 டிகிரி செல்சியஸிலும் வந்தால் அதன் எடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 கிலோ. எச்எக்ஸ்35 அந்த அழுத்தத்தையும் வெப்பநிலையையும் தந்தாலும், எச்எக்ஸ்40 தந்தாலும், எடை அதேதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது? முதலில் வெப்பத்தில். 25 டிகிரியில் உள்ள காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் கம்ப்ரசர் 75 சதவீதத் திறனில் இயங்கினால் காற்று சுமார் 172 டிகிரியில் வெளியேறும். தன் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டு 65 சதவீதத் திறனுக்கு இறங்கினால் அது சுமார் 194 டிகிரி ஆகிவிடும். அந்தக் கூடுதல் வெப்பத்தையும் இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும்; அதனால் முழுவதும் தணிக்க முடியாதது சிலிண்டருக்குள் போகும். இரண்டாவது வேறுபாடு எக்ஸாஸ்ட் பக்கத்தில். சிறிய டர்பைன் வழியே அவ்வளவு வாயுவும் நெருக்கிக்கொண்டு போகும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயு வந்து சேரும் குழாய்) அழுத்தம் பூஸ்டை விடப் பெரிதும் உயர்ந்துவிடும். மேனிஃபோல்டு அழுத்தம் பூஸ்டுக்குச் சமமாக இருப்பது இலட்சியம். ஒன்றரை மடங்கு ஆகும்போது டர்பைன் சிறியது என்று அறியலாம். இரண்டு மடங்கு ஆகிவிட்டால் கூடுதல் டீசலின் பெரும்பகுதி அந்த அடைப்பைத் தள்ளுவதற்கே செலவாகிறது. எச்எக்ஸ்35இல் பூஸ்ட் முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்கள், மேனிஃபோல்டில் ஒரு துளையிட்டு அங்கேயும் ஒரு மானியைப் பொருத்திப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறையும்.

மேற்சொன்ன 23 கிலோ காற்றை ஒரு பங்கு டீசலுக்கு இருபது பங்கு காற்று என்ற விகிதத்தில் எரித்தால், மணிக்குச் சுமார் 68 கிலோ டீசல் செலவாகும். ஒரு கிலோவாட் மணி நேரத்துக்கு 230 கிராம் என்ற நியாயமான செலவுக் கணக்கில் அது ஏறத்தாழ 400 குதிரைத்திறனுக்கு நெருக்கமாக வருகிறது. எச்எக்ஸ்35 சௌகரியமாகச் செய்யக்கூடிய வேலையின் எல்லை இந்த அளவை ஒட்டியே இருக்கிறது. 1990களில் இந்த என்ஜின் பிக்கப்புகளில் 160 முதல் 215 குதிரைத்திறன் வரைதான் தந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அசல் டீசல் அமைப்போடு ஓடும் வண்டியில் அசல் டர்போவுக்கே பாதி வேலைதான்; அதில் எச்எக்ஸ்40 பொருத்துவது வேலையே இல்லாத இடத்தில் ஆளைக் கூட்டுவதாகும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது டர்போவுக்கும் பொருந்தும்; இங்கே விரல் என்பது டீசலைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப்.

ஓட்டிப் பார்த்ததில் இது தெளிவாகவே தெரிந்தது. டீசலை உயர்த்துவதற்கு முன் எச்எக்ஸ்40ஐப் பொருத்தி ஓட்டியபோது வண்டி முன்பை விட மந்தமாகவே இருந்தது. காரணம் எளிது. டர்பைன் சக்கரத்தின் பெரிய விட்டம் எச்எக்ஸ்35இல் 70 மி.மீ., எச்எக்ஸ்40இல் 76 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் வேறுபாடு சிறியதுதான். ஆனால் ஒரே வடிவத்தில் பெரிதாகும் சக்கரத்தின் சுழல் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் வளர்வதால், அந்த 6 மி.மீ. சுமார் 50 சதவீதம் கூடுதல் தடையாக மாறுகிறது. நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளில், பூஸ்ட் அப்போதுதான் எழும் நிலையில், இந்த என்ஜின் விழுங்கும் காற்று நிமிடத்துக்கு 7 முதல் 8 கிலோ வரைதான். அவ்வளவு வாயுவைக் கொண்டு பெரிய சக்கரத்தை விரட்டுவதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் பம்ப் டீசலை ஊற்றிக்கொண்டே இருந்தால் கரும்புகைதான் மிச்சம்.

பம்பின் பூஸ்ட் கட்டுப்பாட்டை ஒழுங்குபடுத்தி, டீசலையும் உயர்த்திய பிறகு காட்சி மாறியது. 1,800 சுற்றுக்கு மேல் இழுவை தடையின்றி வளர்ந்தது. மேட்டில் சுமையோடு ஏறும்போது எக்ஸாஸ்ட் வெப்பமானி முன்பு போல் ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நின்றது. டர்பைனுக்கு முன்னால் அளக்கும் எக்ஸாஸ்ட் வெப்பம் நீண்ட ஏற்றங்களில் 680 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றுவிட வேண்டும் என்பது இந்த என்ஜினைக் கையாள்பவர்களிடையே பரவலாக உள்ள வரம்பு. அலுமினிய பிஸ்டன்கள் உள்ள என்ஜினில் அந்த வரம்பை மதிப்பதே நல்லது. எச்எக்ஸ்40க்கு நான் தரும் உயர்ந்த மதிப்பெண் இந்த வெப்பக் கட்டுப்பாட்டுக்குத்தான். வேகத்துக்காக இதை வாங்குபவரை விட, உயர்த்திய டீசலோடு நீண்ட மேடுகளில் சுமை இழுப்பவருக்கு இது அதிகம் பயன்படும். ஆனால் அவர் கியரை மாற்றிச் சுற்றுகளை உயர்த்தி வைத்து ஓட்டப் பழக வேண்டும். தாழ்ந்த சுற்றில் உருட்டி ஓட்டுவது பழக்கமாகிவிட்டவருக்கு இது எரிச்சலூட்டும் டர்போ.

ஹவுசிங் தேர்வில்தான் பலர் இந்தப் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எச்எக்ஸ்35டபிள்யூவின் அசல் ஹவுசிங் 12 சதுர சென்டிமீட்டர். பெரிய கம்ப்ரசரோடு 18 சதுர சென்டிமீட்டர் ஹவுசிங்கையும் சேர்த்தால் பரப்பளவு ஒரேயடியாக 50 சதவீதம் கூடுகிறது. உயர்ந்த சுற்றில் மூச்சு எளிதாகிறது என்பது உண்மைதான், ஆனால் சாலையில் ஓடும் டிரக் அந்தச் சுற்றுகளில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று உரிமையாளர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். 16 சதுர சென்டிமீட்டரே சுமை இழுக்கும் வண்டிக்கு மேல் எல்லை என்பது என் கருத்து; தானியங்கி கியர்பெட்டி உள்ள வண்டியில் அதற்கும் கீழே நிற்பது நல்லது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எச்1சி டர்போ வந்த பழைய வண்டிகளில் 18, 21 சதுர சென்டிமீட்டர் ஹவுசிங்குகள் ஆலையிலிருந்தே வந்தன. அவற்றின் உரிமையாளர்கள் முதலில் செய்யும் மேம்பாடு ஹவுசிங்கைச் சிறிதாக்குவதுதான். பெரிதாக்குவது மட்டுமே மேம்பாடு என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். 2004ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2007 வரை காமன் ரெயில் 5.9 என்ஜினில் வந்த எச்இ351சிடபிள்யூ, சற்றே அதிகம் எதிர்பார்ப்பவருக்கு மிகப் பொருத்தமான தேர்வு. அதன் வேஸ்ட்கேட்டை என்ஜினின் கணினி கட்டுப்படுத்துகிறது என்பதால் பழைய வண்டியில் பொருத்தும்போது அந்தக் கட்டுப்பாட்டுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்; எக்ஸாஸ்ட் வளைவுக் குழாயும் வேறு. அதன் பின்வந்த 6.7 லிட்டர் என்ஜினின் எச்இ351விஇ மாறும் வடிவியல் கொண்டது, அதாவது எக்ஸாஸ்ட் வாயு நுழையும் வழியின் அளவை ஓடும்போதே மாற்றவல்லது. மின்னணு இயக்கியும், அதை ஆட்டுவிக்கத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், குளிர்நீர் இணைப்பும் இல்லாமல் அது பழைய என்ஜினில் வேலை செய்யாது. மின்னணுவியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு, மற்றவர்களுக்குத் தலைவலி.

போர்க்வார்னர் எஸ்300தான் எச்எக்ஸ்40க்கு உண்மையான போட்டி. 62/68/12 என்பது போல மூன்று எண்களாக அதைக் குறிப்பிடும் வழக்கம் சந்தையில் நிலைத்துவிட்டது: முதலாவது கம்ப்ரசர் இன்டியூசர், இரண்டாவது டர்பைன் எக்ஸ்டியூசர், மூன்றாவது ஹவுசிங் அளவு. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய மூன்றும் பெயரிலேயே இருப்பதால் ஏமாறும் வாய்ப்பு குறைகிறது. அந்த நிறுவனம் மேட்ச்பாட் என்ற கணிப்பானையும் இணையத்தில் வைத்திருக்கிறது. என்ஜின் அளவு, சுற்று, எதிர்பார்க்கும் திறன் ஆகியவற்றைக் கொடுத்தால் புள்ளிகள் கம்ப்ரசர் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்று காட்டும். காரெட்டும் தன் வரைபடங்களை வெளியிடுகிறது. வரைபடத்தின் இடப்பக்க எல்லையைத் தாண்டிப் புள்ளி விழுந்தால் காற்று பின்னோக்கி உதைக்கும். முழுப் பூஸ்டில் சுமையோடு போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் கேட்கும் குரைப்பு ஒலி அந்த உதைதான், அது தண்டையும் பேரிங்கையும் தாக்கும். எச்எக்ஸ்40ஐ இப்படி வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது எளிதாக இல்லை என்பதை அதன் குறையாகவே சொல்வேன்.

பொருத்தும் வேலையில் எச்எக்ஸ்40 பொதுவாக ஒத்துழைக்கிறது, ஆனால் ஃபிளேஞ்சைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இந்த பிக்கப்பின் மேனிஃபோல்டு இரு பிரிவாகத் தடுக்கப்பட்ட டி3 ஃபிளேஞ்ச் கொண்டது. கனரக லாரி, பேருந்து, நிலையான என்ஜின் ஆகியவற்றிலிருந்து கழற்றி வரும் டர்போக்கள் வேறு ஃபிளேஞ்சோடும், வேஸ்ட்கேட் இல்லாமலும் வரக்கூடும். இடைத்தகடு வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள்; சமாளிக்கலாம்தான், ஆனால் டர்போவின் உயரமும் ஆயில் குழாயின் நிலையும் அதனால் மாறும். ஆயில் திரும்பும் குழாயைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகவே சொல்ல வேண்டும். பேரிங்குகளில் அடிபட்டு நுரைத்த ஆயில் அழுத்தமின்றி, தன் எடையால் மட்டுமே, கீழே இறங்க வேண்டும். ஆகவே அந்தக் குழாய் அகலமாகவும், நெளிவில்லாமலும், ஏறத்தாழச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். அது தடைப்பட்டால் ஆயில் சீல்களைத் தாண்டிக் கசியும். புதிய டர்போ பழுது என்று திருப்பி அனுப்பப்படும் பல நேர்வுகளில் பழுது இந்தக் குழாயில்தான் இருக்கிறது. முதல்முறை என்ஜினை முடுக்கும் முன் டர்போவுக்குள் ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றிவிடுவதும், டீசலை நிறுத்தி வைத்து ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுற்றுவதும் தவறாமல் செய்ய வேண்டியவை.

கிளட்ச், ஹெட் போல்ட், தானியங்கி கியர்பெட்டி ஆகியவை கூடுதல் திறனைத் தாங்குமா என்பது டர்போவின் விலையை விடப் பெரிய கேள்வி. புகை விதிகளும் அப்படியே. ஆலை அமைத்த டர்போவை மாற்றுவது பல நாடுகளில் சாலை வாகனத்தின் சான்றிதழைப் பாதிக்கும். இரண்டையும் டர்போ வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

விலை மலிவான போலிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. எச்எக்ஸ்35, எச்எக்ஸ்40 ஆகியவற்றின் நகல்கள் பெயரில்லாத பெட்டிகளில் ஏராளமாக வருகின்றன. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தொடக்கூடிய கருவியில் சமநிலைப்படுத்தல் கொஞ்சம் பிசகினாலும் பேரிங்கின் ஆயுள் குறையும். பிசகு உள்ளதா என்று வெளியிலிருந்து கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வார்ப்பின் முரட்டுத்தனம், மங்கிய தகடு, பொறிப்பில் எழுத்துப் பிழை ஆகியவை சந்தேகத்தைத் தூண்டும் அடையாளங்கள். அவை இல்லாததால் அசல் என்று முடிவு செய்யவும் முடியாது. நகலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய அசல் டர்போவையும் அதைப் பழுது பார்க்கும் சாமான்களையும் வாங்குவதையே நான் விரும்புவேன்.

பழைய டர்போவைப் பார்க்கும்போது தண்டின் ஆட்டத்தைப் பார்த்து அஞ்சுபவர்கள் உண்டு. ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங் என்பதால், ஆயில் இல்லாத நிலையில் தண்டு பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. இறகு நுனி ஹவுசிங்கைத் தொடாதவரை அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும்போது கையில் தெளிவாக உணரத்தக்க ஆட்டம் இருந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரசர் இறகுகளின் முன்விளிம்பு மழுங்கியிருந்தால் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓடியிருக்கிறது. டர்பைன் ஹவுசிங்கின் நுழைவாய்த் தடுப்பில் மயிரிழை விரிசல்கள் பழைய ஹவுசிங்குகளில் அடிக்கடி காணப்படுபவை. தடுப்பைத் தாண்டி ஃபிளேஞ்ச் முகம் வரை நீண்ட விரிசல் உள்ளதை வாங்கக் கூடாது. வேஸ்ட்கேட் தட்டு தன் இருக்கையில் முழுமையாக உட்காருகிறதா என்பதையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அது சரியாக மூடாத டர்போ பூஸ்டைக் கட்டவே தாமதிக்கும். கம்ப்ரசர் மூடியைக் கழற்றி இரு சக்கரங்களையும் அளக்க அனுமதிக்காத விற்பனையாளரிடம், தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், எச்எக்ஸ்35க்குத் தரும் விலைக்கு மேல் தர வேண்டிய அவசியமில்லை.